கூலியா கொடையா? அறுவடை நன்றி ஞாயிறுக்கு "தேவனுடைய தாராளம்" பாடம் நடத்துவது எப்படி

பெரியகல்லாறு ஞாயிறுபள்ளி:
எல்லாருக்கும் வணக்கம். பெரும்போக வெட்டு முடிந்த பிறகு அறுவடை நன்றி ஆராதனை வருகிறது. அன்றைக்கு 13 முதல் 15 வயது வரையான 24 பிள்ளைகளுக்கு 45 நிமிடப் பாடம். தலைப்பு "தேவனுடைய தாராளம்". மூன்று இடத்தில் உதவி வேண்டும்.

முதலாவது, இந்தத் தலைப்பைச் சொன்ன உடனே பிள்ளைகள் சூரியன், மழை, நெல், அம்மா, அப்பா என்று பட்டியல் சொல்லி முடித்துவிடுவார்கள். பட்டியலோடு பாடமும் முடிந்துவிடும். இரண்டாவது, மெதடிஸ்த பிள்ளைகளோடு கத்தோலிக்கப் பிள்ளைகளும் வந்து இருப்பார்கள். ஒரு பக்கம் "கிருபை", மறுபக்கம் "அருள்". இரண்டும் ஒன்றா, வேறா? மூன்றாவதுதான் கடினம்: வயல் வெள்ளத்தில் போன வீட்டுப் பிள்ளையும் அதே வாங்கில் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு முன்னால் தாராளம் என்று எப்படிக் கதைக்கிறது?

படிப்படியாக, கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய மாதிரிச் சொல்லுங்க.

வாவிக்கரை உபதேசி:
தங்கச்சி, பட்டியலை விட்டுவிட்டு ஒரேயொரு உவமையை எடுங்க. மத்தேயு 20, திராட்சத்தோட்டத்துக் கூலியாட்கள். விடிய வந்தவனுக்கும் கடைசி மணித்தியாலத்தில் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி, ஒரு பணம், கொடுத்த கதை. வெட்டுக்கு ஆள் பிடிப்பது, விடிய முதல் சந்தியில் ஆட்கள் நிற்பது, பொழுதுபட்டதும் போடியார் கூலி கொடுப்பது எல்லாம் நம்மட பிள்ளைகளுக்குத் தெரிந்த காட்சி.

ஆனால் வாசிப்பை 20:1இல் தொடங்க வேண்டாம். 19:27இல் தொடங்குங்க. அங்கேதான் பேதுரு, நாங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். உவமை அந்தக் கேள்விக்கு வந்த பதில். கேள்வியை வெட்டிவிட்டு வாசித்தால் இது கூலிச் சண்டைக் கதை. சேர்த்து வாசித்தால் கடவுளோடு கணக்குப் பார்க்கிற மனசைப் பற்றிய கதை.

இனி செய்முறை. 1 கிலோ சம்பா அரிசியில் கால் கிலோ பயறு கலந்து ஒரு பெரிய பாயில் கொட்டுங்க. பயறைப் பொறுக்கிச் சட்டியில் போடுவதுதான் வேலை. 24 பிள்ளைகளையும் ஐந்து குழுவாகப் பிரியுங்க. உவமையில் ஆள் எடுத்த நேரம் விடிய 6 மணி, 9 மணி, நண்பகல், 3 மணி, 5 மணி. வேலை முடிந்தது 6 மணிக்கு. ஒரு மணித்தியாலத்துக்கு 2 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 24 நிமிடம். முதற்குழு தொடக்கத்திலேயே பாயில் இறங்கும், மற்றவை 6ஆம், 12ஆம், 18ஆம், 22ஆம் நிமிடத்தில். 24இல் நிறுத்துங்க. காத்திருக்கும் குழுக்கள் சும்மா ஓரத்தில் நிற்க வேண்டும். சந்தியில் நின்றவர்களும் அப்படித்தான் நின்றார்கள். கடைசிக் குழுவிடம் மட்டும் "ஏன் சும்மா நிற்கிறீங்க?" என்று கேளுங்க. "ஒருத்தரும் எங்களைக் கூப்பிடல்ல" என்ற பதில் அவர்கள் வாயாலேயே வரும். அந்த வரி 20:7இல் இருக்கிறது. பிந்தி வந்தவர்கள் சோம்பேறிகள் என்று போதித்துவிடுகிற பிழை இந்த ஒரு கேள்வியில் நின்றுவிடும்.

கூலி ஆளுக்கு ஒரு கச்சான் பைக்கற். இதில் பிழைக்கிற இடங்கள் மூன்று.

முதற்குழுவிடம் வேலை தொடங்க முதலே "ஆளுக்கு ஒன்று" என்று வாய்விட்டுச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அதை மறந்தால் முடிவில் நீங்கள் ஏமாற்றியதாகத்தான் பிள்ளைகள் நினைக்கும். உவமையில் வீட்டெஜமான் பேசின கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை. இடையில் வரும் குழுக்களுக்கு "நியாயமானதைத் தருவேன்" என்று மட்டும் சொல்லுங்க. 20:4இலும் தொகை சொல்லப்படவில்லை.

தட்டில் சரியாக 24 பைக்கற்தான் இருக்க வேண்டும். மிச்சம் கண்ணில் பட்டால் கேள்வி "ஏன் சமமாகத் தந்தீங்க" என்பதிலிருந்து "ஏன் மிச்சத்தைத் தரல்ல" என்பதற்கு நழுவிவிடும்.

கொடுக்கிற வரிசை கட்டாயம் கடைசியிலிருந்து முதலுக்கு. முதல் வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் வந்தவர்களுக்கு முதல் கொடுத்திருந்தால் அவர்கள் சந்தோசமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், உவமையே இல்லை.

கொடுத்து முடிந்ததும் விளக்கம் சொல்ல அவசரப்படாதீங்க. முதற்குழுவுக்கு 3 நிமிடம் கொடுத்து, மனசில் வந்ததை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்க. பிறகு 20:12ஐ வாசியுங்க. "எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே." பிள்ளைகள் எழுதினதும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். முறைப்பாடு "எனக்குக் குறைத்தீர்" என்பதல்ல, "அவனுக்கும் தந்தீர்" என்பது.

அடுத்தது 20:15. நம்மட பழைய மொழிபெயர்ப்பில் "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று வருகிறது. இந்த "வன்கண்" என்ற சொல்லைத் தாண்டிப் போக வேண்டாம். கிரேக்கத்தில் நேராகவே "உன் கண் பொல்லாததா" என்று கேட்கப்படுகிறது. கண்ணூறு என்றால் என்ன என்று இங்கே எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் எபிரெய வழக்கில் பொல்லாத கண் என்பது அடுத்தவன் பெறுவதைப் பொறுக்காத, கையை இறுக்கிக்கொள்ளும் மனசு. உபாகமம் 15:9இல் கடன் கேட்கும் ஏழைக்குக் கொடுக்க மறுக்கிறவனுக்கு இதே சொல்தான். தாராளத்துக்கு எதிர்ச்சொல் வறுமை அல்ல, வன்கண்.

ஒன்றை மட்டும் தவறாமல் சொல்லுங்க: ஒரு பணம் என்பது ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. ஒரு மணித்தியாலம் செய்தவனுக்கு மணிக்கணக்குப்படி பன்னிரண்டில் ஒரு பங்குதான் சேரும். அதைக் கொண்டுபோனால் வீட்டில் உலை ஏறாது. எஜமான் உழைத்த மணியைப் பார்க்கவில்லை, வீட்டில் காத்திருக்கும் வயிற்றைப் பார்த்தார். பொழுதுபோகுமுன் அன்றன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற உபாகமம் 24:15இன் சட்டமும் அந்த வயிற்றை நினைத்து வந்ததுதான்.

நேரக்கணக்கு: வேலை 24, கூலி 5, எழுத்து 3, வாசிப்பும் பேச்சும் 13. சரியாக 45. பாட்டைச் சேர்த்தால் நேரம் தட்டும், பாட்டை ஆராதனையில் வைத்துக்கொள்ளுங்க.

கல்முனை மறையாசிரியை:
உபதேசி ஐயா சொன்ன செய்முறைக்கு ஒரு வால்: பொறுக்கின பயறையும் அரிசியையும் கொட்டிவிட வேண்டாம். ஆராதனை முடியக் கழுவி ஒன்றாகப் போட்டுப் பொங்கிவிடலாம். ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகும் "ஒன்றும் வீணாகாதபடி" துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னவர் இயேசு (யோவான் 6:12). பன்னிரண்டு கூடை. தாராளமும் விரயமும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் அடுப்படியிலேயே கண்டுகொள்ளும்.

கிருபை, அருள் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பு. "காரிஸ்" என்பது அந்தச் சொல். சீர்திருத்த சபைகள் வடமொழி வழியாக வந்த கிருபையை வைத்துக்கொண்டன, கத்தோலிக்கர் இப்போது அருள் என்கிறோம். ஆனால் வகுப்பில் இதைவிட நன்றாக வேலை செய்யும் சொல் ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகளின் அம்மம்மாமார் செபமாலையில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று சொல்லித்தான் வளர்ந்தவர்கள். இன்றைக்கு "அருள் நிறைந்த மரியே" என்கிறோமே, அதன் பழைய வடிவம். பிரியதத்தம் என்பதைப் பிரித்துப் பலகையில் எழுதுங்க: பிரியம், தத்தம். தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. பிரியத்தினால் கொடுக்கப்பட்டது. கிருபைக்கு இதைவிட நெருக்கமான விளக்கத்தை ஒரே சொல்லில் தர முடியாது. லூக்கா 1:28இல் வானதூதர் மரியாளை அழைக்கும் சொல்லும் அதே காரிஸ் என்ற வேரிலிருந்து பிறந்ததுதான்.

பிள்ளைகள் "ரெண்டு சபையும் இதில ஒன்றா?" என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம். 1999 ஒக்ரோபர் 31இல் ஜேர்மனியின் ஔக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்க திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, அருளினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். 2006இல் உலக மெதடிஸ்த பேரவையும் அதில் இணைந்துகொண்டது. அருள் மனிதரில் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்குவதில் வித்தியாசங்கள் இன்னும் உண்டு. ஆனால் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதில் இல்லை.

அறுவடைக்கு நான் சேர்க்கச் சொல்வது மன்னா, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவு. யாத்திராகமம் 16. ஆளுக்கு ஓர் ஓமர், சுமார் 2 லீட்டர். அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. அடுத்த நாளைக்கு ஒளித்து வைத்தது புழுத்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர், ஓய்வுநாளுக்காக. அது நாறவில்லை. பெரும்பாலான பாடங்கள் இந்த இடத்தில் நின்றுவிடும். நீங்கள் யோசுவா 5:12 வரை போங்க. கானானில் விளைந்ததைச் சாப்பிட்ட மறுநாள் மன்னா நின்றுபோனது. அப்போ கடவுள் கொடுப்பதை நிறுத்திவிட்டாரா? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் விடுங்க. வானத்திலிருந்து வந்தது இனி வயலிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். ஆனால் வயலிலிருந்து வரும்போது ஓர் ஆபத்தும் கூட வருகிறது. மன்னாவை "நான் உண்டாக்கினேன்" என்று யாரும் சொல்ல முடியாது. நெல்லைச் சொல்லலாம். உபாகமம் 8:17 எச்சரிப்பது அதைத்தான்: என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்தான் இதைச் சம்பாதித்தது என்கிற நினைப்பு.

பூசையில் காணிக்கைப் பகுதியில் குரு சொல்லும் செபமும் இந்த இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறது. அப்பம் நிலத்தின் விளைவு, மனித உழைப்பின் பயன், ஆனாலும் உம்முடைய வள்ளன்மையினால் நாங்கள் பெற்றுக்கொண்டது. உழைப்பை மறுக்கவில்லை, உரிமை கொண்டாடவும் இல்லை.

சின்னக் குறிப்பு: வெட்டு முடிகிற மாசி, பங்குனி தவக்காலத்தோடு மோதும். கூட்டு ஆராதனை கத்தோலிக்க ஆலயத்தில் நடந்தால் அந்தக் காலத்தில் பீடத்தைப் பூக்களால் அலங்கரிப்பதில்லை, நான்காம் ஞாயிறு தவிர. நெற்கதிர்களைப் பீடத்துக்கு வெளியே, வாசலில் கட்டுவது பற்றி முதலே பாதரிடம் கேட்டு வையுங்க.

படுவான்கரை வாசகர்:
இரண்டு பேரும் நல்ல அடித்தளம் போட்டிருக்கிறீங்க. இந்தத் தலைப்பில் இப்போது பரவலாகக் கெட்டுப்போயிருக்கிற ஒரு வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதைக் கைபேசியில் தினம் கேட்கிறார்கள். "விதைப்புக் காணிக்கை" என்று சொல்வார்கள். ஆயிரம் விதைத்தால் இலட்சம் அறுக்கலாம், கடவுள் தாராளமானவர். இதற்கு எடுத்துக்கொள்ளும் வசனம் 2 கொரிந்தியர் 9:6.

அந்த வசனம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்க. 8ஆம், 9ஆம் அதிகாரங்கள் முழுவதும் எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் சேர்த்ததைப் பற்றியவை. பணம் போனது பிரசங்கியாரின் கைக்கு அல்ல, வறியவரின் வீட்டுக்கு. அதைக் கொண்டுபோகப் பவுல் தனியாகப் போகவும் இல்லை. யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்புகிறார் (8:19-21). முதலில் கொடுத்த மக்கெதோனியா சபைகளோ "கொடிய தரித்திரம்" உடையவை (8:2). கொடுத்துப் பணக்காரராகிவிட்டார்கள் என்று ஒரு வரிகூட அங்கே இல்லை. 8:13-14இல் நோக்கம் தெளிவாகவே இருக்கிறது: சமநிலை. மற்றவர்களுக்கு இலகுவும் உங்களுக்குப் பாரமுமாக அல்ல. அதை நிரூபிக்கப் பவுல் 8:15இல் எடுத்துக் காட்டுவது எது தெரியுமா? மறையாசிரியை அக்கா சொன்ன அதே மன்னா வசனம், யாத்திராகமம் 16:18. பாடத்தை மன்னாவில் தொடங்கி இங்கே முடித்தால் நூல் அறாது.

இன்னொன்று. இந்த இரண்டு அதிகாரங்களில் காரிஸ் என்ற சொல் பத்துத் தரம் வருகிறது. கடவுளின் கிருபைக்கும் அந்தச் சொல், மனிதர் சேர்த்த தர்மப் பணத்துக்கும் அந்தச் சொல், 9:15இல் "ஸ்தோத்திரம்" என்று முடிப்பதற்கும் அதே சொல். கொடை இறங்கி வந்து, கைமாறி, நன்றியாகத் திரும்பி ஏறுகிறது. நடுவில் 8:9: அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும் உங்களுக்காகத் தரித்திரரானார். கிறிஸ்தவ விசுவாசத்தில் கடவுளின் தாராளம் என்பதற்கு அளவுகோல் இதுதான். மிச்சத்திலிருந்து கிள்ளிக் கொடுக்கவில்லை, தன்னையே கொடுத்தார். விதைப்புக் காணிக்கைப் போதனை இந்த வசனத்தைத் தொடுவதே இல்லை, தொட்டால் அவர்களுடைய கணக்கு கவிழும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும் கொடுக்கலாம். மத்தேயு 18:23-35. ஒரு தாலந்து 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. ராஜா தன் ஊழியக்காரன் ஒருவனுக்கு மன்னித்த கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாட்கூலி. வருசத்துக்கு 300 நாள் வேலை செய்தால் 2 இலட்சம் வருசம். கணக்குக்காக ஒரு நாட்கூலியை 3,000 ரூபா என்று வைத்தால் 18,000 கோடி ரூபா. மன்னிக்கப்பட்டவன் தன் கூட்டாளியின் கழுத்தை நெரித்தது 100 தெனாரியத்துக்கு, அதே கணக்கில் 3 இலட்சம். இங்கே ஒரு கவனம்: அந்த 3 இலட்சத்தைச் "சின்னக் காசு" என்று சொல்லிவிடாதீங்க. நூறு நாள் உழைப்பு. கூலி வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய தொகை என்று தெரியும். மற்றவன் நமக்குச் செய்த பிழை உண்மையானது, நோவு தருவது. இயேசுவின் கதை அதை மறைக்கவில்லை. மன்னிக்கப்பட்டது அதைவிட 6 இலட்சம் மடங்கு என்றுதான் சொல்கிறது.

திருக்கோவில் தம்பி:
ஒரு கேள்வி கேட்கலாமா? எல்லாம் இலவசக் கிருபைதான் எண்டால் பிள்ளைகள் "அப்ப நல்லது செய்யிறதால என்ன பிரயோசனம்" எண்டு கேட்கும். அதுக்கு என்ன சொல்றது?

வாவிக்கரை உபதேசி:
தம்பி, எபேசியர் 2ஐ 9ஆம் வசனத்தோடு மூடிவிடுவதால் வருகிற கேள்வி அது. 8, 9: கிருபையினால் இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல. 10: நற்கிரியைகளைச் செய்கிறதற்குச் சிருஷ்டிக்கப்பட்டோம். மூன்றையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். கிரியை விலை அல்ல, விளைச்சல். நெல் விளைந்ததால் மழை பெய்யவில்லை, மழை பெய்ததால் நெல் விளைந்தது. பவுலிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், ரோமர் 6ஆம் அதிகாரம் அதற்கான பதில். அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில் "சம்பளம்" என்ற சொல் பாவத்துக்குத்தான் போடப்பட்டிருக்கிறது. நித்தியஜீவனுக்குப் போட்ட சொல் "கிருபைவரம்". பாவம் சரியாகக் கணக்குப் பார்த்துச் சம்பளம் கொடுக்கும். கடவுள் அப்படிக் கொடுப்பதில்லை.

பெரியகல்லாறு ஞாயிறுபள்ளி:
இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு எல்லாருக்கும் நன்றி. உவமையும் மன்னாவும் எடுக்கிறேன், கடன் கணக்கு அடுத்த கிழமைக்கு. ஆனால் மூன்றாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லை. வயல் போன பிள்ளைக்கு என்ன சொல்வது?

கல்முனை மறையாசிரியை:
தொடாமல் விட்டது பிழைதான் தங்கச்சி. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கிழக்குக் கரையில் இது கற்பனைக் கேள்வி இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26, 2011 ஜனவரி வெள்ளம். பெரும்போக நெல் கதிராகிற நேரத்தில்தான் வாடைமழையும் கொட்டுகிறது. ஆகவே முதலில் சொல்லக் கூடாததைச் சொல்கிறேன்.

"பாவத்துக்குத் தண்டனை" என்று சொல்ல வேண்டாம். லூக்கா 13:4இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, அல்ல என்று நேரடியாகவே மறுக்கிறார். "இதைவிட நல்லதைத் தருவார்" என்றும் சொல்ல வேண்டாம். அப்படி நடக்காவிட்டால் அந்தப் பிள்ளையின் விசுவாசத்தையும் சேர்த்து உடைத்துவிடுவோம். "உனக்கு உயிராவது இருக்கே, நன்றி சொல்லு" என்பது மூன்றுக்குள்ளும் மோசம். யாக்கோபு 1:5 கடவுளைப் பற்றிச் சொல்வது, அவர் யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர். நம்மட பேச்சில் சொன்னால், கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டாதவர். அவர் சொல்லிக்காட்டாததை நாங்கள் அவருக்காகச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

சொல்லக்கூடியது: விளைச்சல் கடவுளின் அன்பை அளக்கிற மரைக்கால் அல்ல. மத்தேயு 5:45படி மழை நீதிமான் வயலிலும் பெய்கிறது, அநீதன் வயலிலும் பெய்கிறது. விளைந்தவன் அதிகம் நேசிக்கப்பட்டவனும் அல்ல, அழிந்தவன் கைவிடப்பட்டவனும் அல்ல. பவுல் ரோமர் 8:32இல் அன்பை அளக்கும்போது விளைச்சலைத் தொடவில்லை, தம்முடைய சொந்தக் குமாரனென்றும் பாராமல் ஒப்புக்கொடுத்ததைத் தொடுகிறார். அதற்கு மூன்று வசனம் கழித்து அவர் அடுக்குவது பசியையும் நிர்வாணத்தையும். பசி வராது என்று அவர் சொல்லவில்லை, பசி வந்தாலும் அந்த அன்பிலிருந்து பிரிக்காது என்கிறார்.

வாசிக்க: ஆபகூக் 3:17-18. வயல்கள் தானியத்தை விளைவிக்காமற்போனாலும் என்று பெயர் சொல்லியே வருகிறது. ஆனால் இதைப் பிள்ளையை எழுப்பி வாசிக்கச் செய்ய வேண்டாம். ஆசிரியர் வாசியுங்க. "ஆகிலும் நான் மகிழ்வேன்" என்பது அந்தத் தீர்க்கதரிசி தன் வாயால் சொன்னது, மற்றவன் வாயில் திணிக்கிற வரி அல்ல. அதே புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் அவர் "எதுவரைக்கும்" என்று கடவுளிடம் முறையிட்டும் இருக்கிறார். முறையீட்டை முதல் வாசித்துவிட்டு மூன்றாம் அதிகாரத்துக்குப் போனால் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

படுவான்கரை வாசகர்:
அக்கா சொன்னதோடு ஆராதனை ஒழுங்கிலும் இரண்டு மாற்றம் செய்யலாம்.

காணிக்கைப் பவனியில் நெல், தேங்காய், வாழைக்குலை வரும்போது ஒரு வெறுங்கூடையையும் சேர்த்துக் கொண்டுவாங்க. கொண்டுவருவது வயல் போன வீட்டுப் பிள்ளையாக இருக்கவே கூடாது, மூப்பர் யாராவது தூக்கட்டும். பீடத்தில் மற்றக் கூடைகளோடு சமமாக, நடுவில் வையுங்க. "விளையாத வயல்களுக்காக" என்று ஒரு செபம், அரை நிமிடம். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஏலம். ஆராதனை முடிய வாழைக்குலையையும் பூசணியையும் ஏலம் விடுவது சந்தோசமான வழக்கம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பங்கீட்டை ஏலத்துக்கு முன்னால் செய்யுங்க. முதலில் ஏலம் விட்டால் நல்லதெல்லாம் காசுள்ளவர் கைக்குப் போய், அழுகினதும் உடைந்ததும் இல்லாதவர் வீட்டுக்குப் போகும். லேவியராகமம் 23:22 வயலோரத்தை அறுக்காமல் விடச் சொல்கிறது. அறுத்து, தெரிந்து, கழித்ததைக் கொடு என்று சொல்லவில்லை. ரூத் 2:16இல் வயற்காரர் போவாஸ், கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்துக்காக ஒரு படி மேலே போகிறார்: கட்டிலிருந்தே வேண்டுமென்று சிலதைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று வேலையாட்களுக்குச் சொல்கிறார். அன்று மாலை அவள் தட்டி எடுத்தது ஏறக்குறைய ஓர் ஏப்பா வாற்கோதுமை, 22 லீட்டர் வரும். தான் பொறுக்கினது என்றே அவள் தூக்கிக்கொண்டு போகலாம், தலை குனியத் தேவையில்லை. பைகளில் பெயர் எழுத வேண்டாம், மேடைக்குக் கூப்பிட வேண்டாம், படம் பிடிக்கவே வேண்டாம். பொழுதுபட்ட பிறகு வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்க.

பெரியகல்லாறு ஞாயிறுபள்ளி:
வெறுங்கூடையைப் பற்றி எங்கட போதகர் ஐயரோடு கதைக்கிறேன். ஏல ஒழுங்கையும் சொல்லிப் பார்ப்போம்.

இனி ஒரு சின்னச் சந்தேகம். ரியூசன் முடிந்து இரண்டு மூன்று பிள்ளைகள் எப்போதும் பிந்தித்தான் வரும். 24 பைக்கற்தான் தட்டில் இருக்க வேண்டும் என்றீங்க. வேலை முடிகிற நேரத்தில் ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது?

வாவிக்கரை உபதேசி:
அதை எழுதாமல் விட்டுவிட்டேன், மன்னிச்சுக்கொள்ளுங்க. மூன்று பைக்கற்றை உங்கட கைப்பையில் தனியாக வையுங்க, தட்டில் அல்ல. பாயின் ஓரத்தில் ஒரு பிடி கலந்த அரிசியைத் தொடாமல் ஒதுக்கி வையுங்க. பிந்தி வருகிற பிள்ளையிடம் ஏன் பிந்தினாய் என்று கேட்க வேண்டாம். அந்தப் பிடியைக் காட்டி உட்காரச் சொல்லுங்க, நாலு பயறு பொறுக்கினாலும் போதும். கூலி கொடுக்கும்போது முதல் பைக்கற் அந்தப் பிள்ளைக்கு.